சந்தம் சிதையாத ஒலிப்பதிவு: லினக்ஸ் மடிக்கணினிக்கேற்ற ஒலி இடைமுகம்

தோற்றுவாய்

தமிழிலக்கணம் மாத்திரையைக் கண்ணிமையாலும் கைந்நொடியாலும் அளந்தது. அருணகிரிநாதரின் சந்தநெறியைப் பின்பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவர் நம் காயல்பட்டினத்தவர். ஏடு சொல்லைக் காக்கும். ஆனால் பாடும் முறையைக் குரலே காக்க வேண்டும். பாடவல்ல முதியோர் நம்மிடையே உள்ளபோதே அவர்தம் குரலைப் பதிந்து வைத்தல் நம் கடமையாகும். கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸும் எளிய மடிக்கணினியும் இதற்குப் போதும். அவற்றோடு இணைக்கும் ஒலி இடைமுகத்தை, அதாவது ஆடியோ இன்டர்ஃபேஸை, எவ்வாறு தேர்வது என ஈண்டு ஆராய்வோம்.

சுணக்கம் பிறக்கும் வழி

ஒலிவாங்கி தரும் மின்னலைகளை இடைமுகம் எண்களாக்கிக் கணினிக்கு அனுப்புகிறது. கணினி தரும் எண்களை மீண்டும் ஒலியாக்கி ஹெட்போனுக்கு அளிக்கிறது. கணினியோ அவ்வெண்களைப் 'பஃபர்' என்னும் தேக்கத்தில் தொகுத்தே கையாளும். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்குங்கால், 1,024 மாதிரிகள் நிறைய 21 மில்லிநொடி ஆகும். உள்வரவுக்கும் வெளிச்செலவுக்குமாக 42 மில்லிநொடியைத் தாண்டும். தேக்கம் 128 மாதிரிகளெனில் இச்சுணக்கம் 5 மில்லிநொடியளவில் நிற்கும். கருவிக்கே உரிய சுணக்கம் இதனுடன் சேரும்.

பாடுவோர் குரல் எலும்பின் வழியே உடனுக்குடன் அவர் செவியை அடைகிறது. ஹெட்போனில் அதே குரல் 10 மில்லிநொடிக்குமேல் பின்தங்கின் பலர் தடுமாறுவர். கண்ணிமைப் பொழுதிற் பத்திலொரு பங்கே ஆயினும், குறில்கள் அடுக்கி விரையும் சந்தம் தளர அது போதும். தேக்கத்தை மிகக் குறைத்தாலோ, கணினி ஈடுகொடுக்கமாட்டாது பதிவில் வெடிப்பொலி விழும்.

தேர்வு நெறிகள்

முதலாவது, 'யுஎஸ்பி ஆடியோ கிளாஸ்' என்னும் பொதுவிதிக்கு இணங்கிய கருவியையே வாங்குதல் வேண்டும். லினக்ஸ் கருவகத்திலுள்ள அல்சா இயக்கி அதனைத் தானே அறிந்துகொள்ளும். விண்டோஸுக்கெனத் தனி இயக்கி வேண்டிநிற்கும் கருவி, எத்துணை விலையுயர்ந்ததாயினும் நமக்குப் பயன்படாது போகலாம்.

இரண்டாவது, நேரடிக் கேட்பு வசதி. இது குரலைக் கணினிக்குட் செல்லுமுன்பே ஹெட்போனுக்குத் தருவதால் சுணக்கம் ஏறத்தாழ இல்லாதொழியும். குரற்பதிவுக்கு இதுவே தலையாய தகுதி.

மூன்றாவது, இரண்டு ஒலிவாங்கி வாயில்களும், கண்டென்சர் ஒலிவாங்கிக்குரிய 48 வோல்ட் மின்வழங்கலும் இருத்தல் நன்று. ஒன்று பாடுவோர்க்கும் மற்றொன்று உடன்பாடுவோர்க்கும் ஆகும்.

கணினி வழியே இசைக்கருவி வாசிப்போர்க்கு நேரடிக் கேட்பு உதவாது. அவர்க்கே குறுந்தேக்கமும், ஜாக் அல்லது பைப்வயர் மென்பொருளும் இன்றியமையாதன. 2024இல் வெளியான லினக்ஸ் 6.12 கருவகத்தில் நிகழ்நேர இயக்க வசதி சேர்க்கப்பட்டிருப்பது அவர்க்குப் பெருந்துணை.

முடிவுரை

கருவியை வாங்குமுன் நம் மடிக்கணினியிலேயே இணைத்து, ஒருவரைப் பத்து நிமிடம் பாடச் செய்து பதிந்து கேட்டல் வேண்டும். பாடியவர் தம் குரலிற் பிசகு உணராராயின், பதிவில் வெடிப்பொலியும் இன்றேல், அக்கருவியே போதுமானது. அதனினும் சிறந்ததைத் தேடிக் காத்திருத்தல் வேண்டா; கருவி அடுத்த ஆண்டும் கிடைக்கும், குரல்கள் காத்திரா.