பாவையும் பார்வையும்

பாவை என்னுஞ் சொல் தமிழில் மிக்க பழைமை வாய்ந்தது. அஃது ஒரு பொருளோடு நில்லாது பல பொருள்களைத் தன்னகத்தே கொண்டு விளங்குகின்றது. மண்ணாலும் மரத்தாலும் கோரையாலும் செய்யப்பட்ட பதுமைக்குப் பாவை என்று பெயர்; பெண்ணுக்கும் பாவை என்று பெயர்; கண்ணின் கருமணியுள் தோன்றும் சிற்றுருவுக்கும் பாவை என்றே பெயர். பதுமைக்கும் கண்மணிக்கும் இயைபு யாதெனில், ஒருவர் கண்ணை அணுகி நோக்குவார்க்கு அவர்தம் உருவமே அக்கண்ணுள் ஒரு சிறு பதுமைபோலத் தோன்றும் என்பதே. இக்கருத்துத் தமிழர்க்கே உரியதன்று. இலத்தீன் மொழியிற் கண்மணியைக் குறிக்கும் ‘பூப்பில்லா’ என்னுஞ் சொல் சிறு பெண்ணையும் பதுமையையும் குறிக்கும். கிரேக்க மொழியில் ‘கோரே’ என்பது கன்னிக்கும் கண்மணிக்கும் பொதுப்பெயர். திருவள்ளுவர் 1123-ஆம் குறளில், கண்மணியுள் இருக்கும் பாவையை நோக்கித் தலைவன், தன் காதலிக்கு இடமில்லை, நீ விலகிப் போ என்று கூறுவதாக அமைத்திருத்தல் இயைபு நன்குணர்ந்தே யாம்.

இவ்வாறு பாவையும் பார்வையும் ஒரு சொல்லுள் ஒன்றியிருத்தலை உளங்கொண்டு, இக்காலத்து இளைஞர் பலரை ஈர்த்துள்ள ஒரு கலையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஜப்பான் நாட்டுத் தெருக்களில் இளையோர் உடுத்தும் புதுமை உடைகளைப் பின்பற்றி ஆடை புனைந்த பாவைகளைத் தொகுத்தலும், அவற்றை நிழற்படம் எடுத்தலுமே அக்கலை. இது வீண்பொழுதுபோக்கோ, அன்றிக் கற்பார்க்குப் பயன் தருவதோ என்பது நம் வினா.

சங்க காலத்துப் பாவைகள்

பாவை புனைதல் தமிழ்ச் சிறுமியர்க்குப் புதிதன்று. நெய்தல் நிலத்து மகளிர் ஈரமணலால் வண்டற்பாவை செய்து விளையாடினர். அதனை அலை கொண்டு சென்றபோது, சினமுற்ற சிறுமியொருத்தி நுண்மணலை வாரி இறைத்துக் கடலையே தூர்க்க முயன்றாள் என்று ஐங்குறுநூறு காட்டும். மருத நிலத்தார் பஞ்சாய்க் கோரையைக் கிழித்துப் பாவை முடைந்தனர். குறுந்தொகை 276-ஆம் பாட்டில், தலைவியின் பொருட்டுப் பாவை செய்து கொடுத்தமையையும், அதற்குரிய பஞ்சாய் தேடிப் பள்ளங்களைச் சுற்றித் திரிந்தமையையும் தலைவன் எடுத்துரைக்கின்றான். பாவைக்கு வேண்டிய பொருளைத் தேடித் திரியும் வேட்கை இன்று தோன்றியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

அயல்நாட்டுப் பாவையும் நம் முன்னோர்க்கு அயலன்று. யவனர் செய்த பாவையொன்று தன் கையில் அகலேந்தி நின்று பாண்டியன் அரண்மனையில் ஒளி பரப்பியதை நெடுநல்வாடை கூறுகின்றது. கடல் கடந்து வந்த அழகைத் தமிழர் ஐயுறாது தம் இல்லத்துள் ஏற்றனர்.

கொல்லிப் பாவை

இப்பாவைகள் யாவற்றினும் புகழ் மிக்கது கொல்லிப் பாவை. நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தை அடுத்துக் காளப்பநாயக்கன்பட்டி என்னும் பேரூர் உள்ளது. அவ்வழியே கிழக்கு நோக்கிச் செல்வார் காரவள்ளியை அடைந்து, 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் உச்சியை எய்துவர். காளப்பநாயக்கன்பட்டியில் நிற்பார்க்குத் தோன்றுவது மலையின் மேற்குப் பக்கம். புலவர்கள் பாவைக்கு இருப்பிடமாகக் கூறிய குடவரை என்பதும் அம்மேற்குப் பக்கமே.

கபிலர் குறுந்தொகை 100-ஆம் பாட்டிலும், பரணர் 89-ஆம் பாட்டிலும் இப்பாவையைப் பாடினர். கல்லாடனார் அகநானூறு 209-இல், காரி என்பான் வல்வில் ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த வரலாற்றோடு சேர்த்து இதனைக் குறித்தார். நற்றிணையுள்ளும் இது காணப்படுகின்றது. அதன் 201-ஆம் பாட்டு, காற்று மோதினும் இடி இடிப்பினும் நிலம் நடுங்கினும் இப்பாவை தன் அழகிய உருவம் கெடாது என்று சிறப்பிக்கும். இதனைச் செய்தார் தெய்வம் என்று ஒரு பாட்டும், பூதம் என்று மற்றொரு பாட்டும் கூறும். நகைத்து உயிர் கொல்லும் பொறிப்பாவை என்பது பிற்கால வழக்கிற் பெரிதும் பேசப்படுகின்றது. மேற்காட்டிய பாட்டுக்களோ அதன் அழகையும், எய்தற்கு அருமையையும், அழியாமையையுமே பொருளாகக் கொண்டன. மலைவாழ் மக்கள் இன்றும் எட்டுக்கை அம்மன் வடிவில் கொல்லிப் பாவையைப் போற்றி வருகின்றனர்.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. இப்பாவையைத் தம் இல்லத்துக்குக் கொண்டு சென்றதாக எப்புலவரும் பாடிற்றிலர். கண்டாரும் கேட்டாரும் சொல்லில் அதனைப் பொதிந்து வைத்தனர். மன்னர் மாறினர், மலை கைமாறிற்று, பாவை மட்டும் பாட்டில் நிலைபெற்றது. தொகுப்பார்க்கு இதனினும் சிறந்த பாடம் வேறு யாதுளது?

ஜப்பானியர் பாவை மரபு

ஜப்பானியர் பாவையை ‘நிங்யோ’ என்பர். மனித வடிவம் என்பது அதன் பொருள். ஆண்டுதோறும் மார்ச்சு 3-ஆம் நாள் அவர்தம் இல்லங்களிற் பெண்மக்கள் நலங்கருதி ‘ஹினா’ என்னும் பாவைத் திருநாள் கொண்டாடப்படும். செந்துணி விரித்த படிகளில் அரசனும் அரசியும் மேற்படியிலும், ஏவன் மகளிரும் இசைவாணரும் கீழ்ப்படிகளிலும் முறையே வைக்கப்படுவர். நம் நாட்டு நவராத்திரிக் கொலுப்படிகளை இஃது எவர்க்கும் நினைவூட்டும். மேலும், பதினெட்டாம் நூற்றாண்டில் விளங்கிய இச்சிமட்சு என்னும் நாடக நடிகர் பெயரால் வழங்கும் ஒருவகைப் பாவைகள் அங்கு உண்டு. அவற்றிற்கு விளையாடுவோரே ஆடை தைத்து உடுத்துவர். நம் மரப்பாச்சியும் இத்தகையதே. செம்மரத்திற் கடைந்த அவ்வாணும் பெண்ணும் நம் வீடு புகுந்த பின்னரே சிறுமியர் கையால் வேட்டியும் சேலையும் பெறுகின்றனர். ஆடை புனைவார் கைத்திறனுக்கு இடம் விட்டு நிற்கும் பாவையே உயர்ந்த பாவை என்பது இரு நாட்டார்க்கும் ஒப்ப முடிந்ததாம்.

பாவைகள் நாடுகளை இணைத்த வரலாறும் உண்டு. 1924-இல் அமெரிக்கர் இயற்றிய குடியேற்றச் சட்டம் ஜப்பானியரைப் புகவொட்டாது தடுத்தது. இரு நாட்டாரிடையே மனக்கசப்பு மிகுந்தது. ஜப்பானிற் பல்லாண்டு ஊழியஞ் செய்த மிஷனரியாகிய சிட்னி கூலிக் என்பார், சிறுவர் உள்ளத்தில் நட்பை விதைக்க எண்ணினார். அவர் முயற்சியால் 1927-இல் அமெரிக்கச் சிறுவர் 12,739 பாவைகளை ஜப்பானியச் சிறுவர்க்கு அனுப்பினர். அவ்வாண்டே ஜப்பானியர் 58 பாவைகளை எதிர்நன்றியாக அனுப்பினர். பின்னர் இரண்டாம் உலகப்போர் மூண்டது. பகைவர் பாவை என்று அவற்றுட் பெரும்பாலானவை எரிக்கப்பட்டும் உடைக்கப்பட்டும் ஒழிந்தன. எனினும் ஆசிரியர் சிலர் அவற்றை மறைத்து வைத்துக் காத்தனர். அங்ஙனம் எஞ்சியவை ஏறத்தாழ 300 ஆகும். அரசாணைக்கு அஞ்சாது ஒரு பதுமையை ஒளித்து வைத்த அவ்வாசிரியர் காத்தது பதுமையையன்று. பிற நாட்டுக் குழந்தையின் அன்பை என்க.

தெருவுடையும் பாவையும்

தோக்கியோ நகரத்து ஹராஜூக்கு என்னும் பகுதியில், 1977 முதல் 1998 வரை ஞாயிறுதோறும் பெருந்தெருவில் வண்டிகளை நிறுத்தி, மக்கள் நடந்து உலவ விட்டனர். அத்தெரு இளையோர்க்கு ஆடலரங்கும் ஆடையரங்கும் ஆயிற்று. பழைய உடை, புதிய உடை, தாமே தைத்த உடை ஆகியவற்றை விரும்பியவாறு கலந்து உடுத்தினர். மணிபோல் விரிந்த பாவாடையும் பின்னல் விளிம்பும் உடைய லோலிடா என்னும் கோலம் அவற்றுள் ஒன்று. ஐரோப்பாவின் முன்னைய நூற்றாண்டுகளின் உடையை இது தழுவியது. ஷோயிச்சி அவோக்கி என்னும் நிழற்படக் கலைஞர் 1997-இல் ‘ஃப்ரூட்ஸ்’ என்னும் இதழைத் தொடங்கித் தெருவில் நின்ற இளையோரைப் படம் பிடித்து வெளியிட்டார். 2017-இல் அம்மாத இதழ் நின்றது. உடுத்தவை மறைந்தன, படங்கள் எஞ்சின.

இவ்வுடைகள் பாவைகளுக்கும் ஏறின. புல்லிப் என்னும் பாவை 2003-இல் வெளிவந்து, லோலிடாக் கோலம் பல பூண்டது. ஆயினும் நிழற்படத்தின் ஆற்றலை நன்கு காட்டுவது ப்ளைத் என்னும் பாவையின் வரலாறேயாம். பெருந்தலையும் அகன்ற விழியும் உடைய அப்பாவை 1972-இல் அமெரிக்காவிற் செய்யப்பட்டது. தலையின் பின்னுள்ள கயிற்றை இழுக்குந்தோறும் அதன் விழி நிறம் மாறும். நான்கு நிறங்கள் உண்டு. சிறுவர் அதனை விரும்பாமையின் ஓராண்டிலேயே அதன் விற்பனை நின்றது. கால் நூற்றாண்டு கழிந்த பின், ஜீனா காரன் என்னும் பெண்மணி பழைய ப்ளைத் பாவைகளை ஊர் ஊராக எடுத்துச் சென்று படம் பிடித்து, 2000-இல் நூலாக வெளியிட்டார். அதனைக் கண்ட ஜப்பானியர் விளம்பரத்திற் பயன்படுத்தினர். 2001-இல் தக்காரா நிறுவனத்தார் அப்பாவையை மீண்டும் செய்யத் தொடங்கினர். கடையில் விலைபோகாது ஒதுக்கப்பட்ட ஒன்று, ஒருத்தி உற்று நோக்கியமையால் உயிர் பெற்றது.

படம் எடுக்கும் முறை

இனி, இக்கலை பயில விரும்புவார் அறியவேண்டுவன சில கூறுவோம்.

முதலாவது, படக்கருவியைப் பாவையின் கண் மட்டத்துக்குத் தாழ்த்துக. மேல்நின்று எடுத்தால் அது விளையாட்டுப் பொருளாகவே தோன்றும். நிலத்தோடு கருவியைப் பொருத்திப் பாவையை அண்மையில் நிறுத்தினால், ஒரு சாண் பாவையும் தொலைவிலுள்ள கொல்லிமலையும் ஒத்த உயரமாகத் தோன்றும், கூழாங்கல் பாறையாகும், அறுகம்புல் காடாகும்.

இரண்டாவது, ஒளி. உச்சிவெயிலில் நெற்றிமயிரின் நிழல் விழியை மறைக்கும். மாலைவெயில் சாய்ந்து விழுதலின் முகத்திற் பரவும். காளப்பநாயக்கன்பட்டியினின்று நோக்குங்கால், குடவரை மாலையொளியை நேரே பெறுதலின் மலையும் பாவையும் ஒருங்கே விளங்கும். நிழல் மிகின், வெண்டாள் ஒன்றை எதிரே பிடித்து ஒளியைத் திருப்புக. விழியில் ஒரு சிறு ஒளிப்புள்ளி விழுமாறு நிறுத்துதல் தலையாயது. அஃதின்றேல் முகம் உயிரற்றதாகும். நம் பொம்மைக் கலைஞரும் கண் திறத்தலை இறுதியிற் செய்வர் அல்லரோ?

மூன்றாவது, துணி. பெரிய கட்டங்களும் தடித்த நூலும் சிறு பாவைக்கு ஒவ்வா. சேலம் வட்டாரத்து நெசவில் எஞ்சும் நுண்ணிழைத் துண்டு சாலும். கருநிறத் துணியைப் பன்னாள் உடுத்தி வைத்தால், அதன் சாயம் பாவையின் மேனியிற் கறைபடியும். வெயிலிற் பன்னேரம் வைத்தால் மேனி மஞ்சள் பூக்கும். ஒவ்வொரு படத்தின் கீழும் நாளும் இடமும் துணியின் பெயரும் தைத்தார் பெயரும் எழுதி வைத்தல் தொகுப்பாரை ஆராய்ச்சியாளர் ஆக்கும்.

தடையும் விடையும்

இனி இதற்குத் தடை கூறுவாரும் உளர். நுண்ணிய நூலறிவு இல்லாதான் எழில், மண்ணால் மாட்சிமைப்படச் செய்த பாவையின் அழகு போல்வது என்று 407-ஆம் குறள் இகழ்ந்ததே எனின், வள்ளுவர் இகழ்ந்தது அறிவில்லா மனிதனையேயன்றிப் பாவை செய்த கையினை அன்று. அக்கையின்கண் நுண்மாண் அறிவு உண்டு.

பத்துக் கற்பனைகளுள் ஒன்று உருவம் செய்தலை விலக்கியதே என்று நம் சபையார் சிலர் வினவலாம். அக்கற்பனை தடுப்பது உருவத்தின் முன் பணிதலையும் தொழுதலையுமாம். ஆயினும் இவ்வினாவை எளிதிற் புறந்தள்ளுதல் தகாது. அப்போஸ்தலனாகிய பவுல் பொருளாசையையே விக்கிரக வணக்கம் என்று எழுதினார். ஒரு பாவைக்குப் பல்லாயிரம் ரூபாய் செலவிட்டு, பெட்டி திறவாது அடுக்கி, மற்றொன்று வாராதோ என்று ஏங்குவான் உள்ளத்தில் விக்கிரகம் ஏறிவிட்டது. அது பாவையில் இல்லை, ஏக்கத்தில் உள்ளது.

தொகுத்தல் பிறர்க்குப் பயன்படுமாயின் அதன் நிலை வேறு. கருத்துப்படக் கலைஞர் சங்கர் பிள்ளை தாம் தொகுத்த பன்னாட்டுப் பாவைகளைத் தம் வீட்டுள் அடைத்து வையாது, புதுதில்லியில் அருங்காட்சியகமாக அமைத்தார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் பழைய மாணவரும் குடியரசுத் தலைவருமாகிய டாக்டர் இராதாகிருஷ்ணன் 1965 நவம்பர் 30-இல் அதனைத் திறந்து வைத்தார். ஏழைச் சிறுவனும் அங்குச் சென்று உலகத்து உடைகளைக் காணலாம்.

முடிவுரை

ஆதலின், விலையுயர்ந்த பாவை வாங்க இயலாமை இக்கலைக்குத் தடையன்று. பாட்டியின் பெட்டியிற் கிடக்கும் மரப்பாச்சியும், தையற்காரர் ஒதுக்கிய துண்டுத் துணியும், அலைபேசியின் படக்கருவியும், மாலைவெயிலும் போதும். ஜப்பானிய இளையோர் தம் தெருவிற் செய்தது பிறர் உடையைப் பகர்த்தலன்று. கையிலுள்ளதைக் கொண்டு தம் கோலத்தைத் தாமே புனைதல். நாமும் அவர்தம் உடையை மட்டும் பின்பற்றாது, அவர்தம் துணிவைப் பின்பற்றி, நம் மண்ணில் நம் பாவையை நிறுத்தி நோக்குவோமாக. கபிலரும் பரணரும் கொல்லிப் பாவையை விலை கொடுத்து வாங்கிலர், நோக்கினர், பாடினர். அவர் நோக்கிய குடவரை இன்னும் அங்கேயே நிற்கின்றது.