கவுன்டரில் பார்ட்டி காத்திருக்கிறார்

சிவகாசி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. கூகுளில் இருந்து முதல் பணம் வந்துவிட்டது என்று நேற்று நீ போனில் சொன்னதை உன் பெரியம்மாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். கணக்கில் பத்து டாலர் சேர்ந்தபோது தபாலில் வந்த பின் நம்பர் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினாயே, அது இன்னும் என் போனில் இருக்கிறது. அங்கிருந்து நூறு டாலரைத் தொட உனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது. நூறு சேரும்வரை ஒரு ரூபாய்கூடக் கைக்கு வராது என்று தெரிந்தும் வாரம் தவறாமல் பாடம் போட்டாய். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு பிரஸ் வேலையை விட்டுவிட்டு, இனி முழு நேரமும் வீடியோதான் என்றும் சொன்னாய். நான் 'ம்' கொட்டியதோடு நிறுத்திக்கொண்டேன். அவசரத்தில் ஏதாவது சொல்லி உன் மனசைச் சங்கடப்படுத்திவிடக் கூடாது என்றிருந்தது. இப்போது நிதானமாக எழுதுகிறேன். வேலையை விடாதே, பாப்பா. வீடியோவையும் விடாதே. இரண்டையும் நீ தனித்தனியாகப் பார்க்கிறாய். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

உன் சேனலில் இருக்கும் பாடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 'அசத்தலான பத்து எஃபெக்ட்' மாதிரியானவை போட்ட வாரம் ஓடிவிட்டு அடங்கிவிட்டன. இரண்டு வருஷமாக நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. பழைய போட்டோஷாப்பில் யுனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறி எழுத்து உடைகிறதே, அதைச் சரிசெய்யும் பாடம். ப்ரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் 'வேர்ல்டு ரெடி' முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று நான்கு நிமிஷத்தில் காட்டியிருக்கிறாய்.

அந்தப் பாடம் உனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று யோசித்துப் பார். வைகாசி முகூர்த்த நெருக்கடியில் ஒரு பார்ட்டி பத்திரிகை வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, புரூஃப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று கவுன்டரில் நின்றுகொண்டார். பெண்ணின் பெயரே சிதறி நின்றது. அவர் நிற்கிறார் என்ற பதற்றத்தில்தான் நீ அந்த வழியைத் தேடிப் பிடித்தாய். இன்றைக்கு அதைத் தேடிவந்து பார்க்கிறவர் கவுன்டரிலும் அதே மாதிரி ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அதனால்தான் அது ஓடுகிறது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தால் முதல் மூன்று மாதம் பழைய அனுபவத்தை வைத்து ஓட்டலாம். அதற்குப் பிறகு அடுத்தவர் வீடியோவைப் பார்த்து வீடியோ எடுக்கும் நிலைமை வந்துவிடும். அப்படிப் போன நல்ல பிள்ளைகள் இரண்டு பேரை நானே பார்த்திருக்கிறேன்.

நான் தொழில் கற்ற விதத்தை உனக்குச் சொன்னதில்லை. 1995-ல் ஒரு இடத்தில் பேஜ்மேக்கர் பழகச் சேர்ந்தேன். அங்கிருந்த மூத்த ஆபரேட்டர், ஷார்ட்கட் கீ அழுத்தும்போது இடது கையை ஒரு நோட்டால் மறைத்துக்கொள்வார். அவர் டீ குடிக்கப் போகும் பத்து நிமிஷம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். தொழில் தெரிந்தவர்கள் பெருகினால் தன் கூலி குறைந்துவிடும் என்ற பயம் அவருக்கு. பிறகு நானே சென்டர் வைத்து டி.டி.பி. சொல்லிக்கொடுத்தபோது எந்தக் கீயையும் மறைக்கவில்லை. என்னிடம் படித்துவிட்டுக் கோவில்பட்டி, சாத்தூர், ராஜபாளையம் என்று கடை வைத்தவர்கள்தான், தங்களால் முடியாத வேலை வந்தபோதெல்லாம் அதை என்னிடம் அனுப்பினார்கள். என் வீட்டு மாடி அந்த வருமானத்தில் கட்டியது. இலவசமாகக் கற்றுக்கொடுத்தால் பிழைப்பு போய்விடும் என்று உன் முதலாளி சொல்கிறாராமே, அவரிடம் இதைச் சொல்.

இனி பணக் கணக்கு. யூடியூபில் விளம்பர வருமானத்துக்குள் நுழைய 1,000 சப்ஸ்கிரைபர், பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணி நேரம் பார்வை வேண்டும். 4,000 மணி என்பது 2,40,000 நிமிஷம். ஆளுக்கு நான்கு நிமிஷம் பார்த்தால் 60,000 தடவை பார்த்திருக்க வேண்டும். அத்தனையும் வாசற்படிக்கு மட்டும்தான். உள்ளே போனபின் நீள வீடியோவின் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் உனக்கு, ஷார்ட்ஸ் என்றால் 45. ஆனால் விளம்பரம் கொடுப்பவர்கள் அமெரிக்கப் பார்வையாளருக்குக் கொடுக்கும் விலையை நம் ஊர்ப் பார்வையாளருக்குக் கொடுப்பதில்லை. தீபாவளியை ஒட்டி விலை ஏறும், ஜனவரியில் சரியும். விதியும் அவர்கள் கையில். முன்பு சேனலுக்கு மொத்தம் 10,000 பார்வை இருந்தால் போதும் என்றிருந்ததை 2018-ல் மாற்றித்தான் இந்த 1,000, 4,000 கணக்கைக் கொண்டுவந்தார்கள். சம்பாதித்துக்கொண்டிருந்த எத்தனையோ சின்னச் சேனல்கள் அன்றைக்கு வெளியே நின்றன. மாச வாடகையையும் உன் அம்மாவின் மாத்திரைச் செலவையும் அப்படி ஒரு வருமானத்தை நம்பி வைக்க முடியாது.

பணம் வேறு இடத்தில் இருக்கிறது. அது உனக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை பாடத்தில் நீ சொன்ன ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கறுப்பு எழுத்தை நான்கு கலரிலும் கலந்துவிட்டால், மெஷினில் ஒரு நூல் நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் தட்டும். கறுப்பு மட்டும் நூறு வைத்து மற்ற மூன்றையும் சுழியம் ஆக்க வேண்டும் என்றாய். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட் விட வேண்டும், 300 டிபிஐக்குக் குறையக் கூடாது, ஆர்.ஜி.பி.யில் மின்னும் குங்குமச் சிவப்பு சி.எம்.ஒய்.கே.வில் மங்கிப்போகும் என்பதையெல்லாம் அச்சடித்த காகிதத்தைக் கையில் பிடித்துக் காட்டினாய். வெளிநாட்டு மாஸ்டர்கள் எத்தனை அருமையாகச் சொல்லிக்கொடுத்தாலும், மஞ்சள் தடவும் ஓரத்தில் எழுத்து வரக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்தப் பாடத்தில் நீ செய்த ஃபைலையே விலைக்குக் கொடு. லேயர் பிரித்து, கைடு போட்டு, பெயரை மாற்றினால் பிளேட்டுக்குப் போகலாம் என்ற நிலையில் வைத்து, யுபிஐ வழியாக 199 ரூபாய். பாடம் இலவசம், ஃபைலுக்குத்தான் விலை. அருப்புக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு அது ஒரு சாயங்கால வேலையை மிச்சமாக்கும். மாதம் ஐம்பது பேர் வாங்கினால் 9,950 ரூபாய். ஏழு மாதம் காத்திருந்து வாங்கிய அந்த நூறு டாலரோடு இதை ஒப்பிட்டுப் பார். ஐம்பது பேர் உடனே வந்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் மாதம் நான்கு பேர் வரலாம். அந்த நான்கு பேருக்கும் ஃபைல் திறக்கவில்லை என்றால் நீயே போன் பண்ணிச் சரிசெய்து கொடு.

பிறகு, பத்திரிகை டிசைனை ஆரம்பத்தில் இருந்து பிளேட் வரை ஒரே கோர்ஸாகச் செய்து யூடெமியில் வைக்கலாம். உன் கூப்பன் வழியாக ஒருவர் வாங்கினால் 97 சதவீதம் உனக்கு. அவர்களாகத் தேடிக் கூட்டிவந்த ஆள் என்றால் 37தான். ஆகவே யூடியூப் பாடத்தின் கீழே உன் கூப்பன் இணைப்பு இருக்கட்டும். விளம்பரப் பணத்துக்காக இல்லாவிட்டாலும், யூடியூப் உனக்கு இதற்காகவாவது வேண்டும்.

வரி விஷயத்தைத் தள்ளிப்போடாதே. அமெரிக்க வரிப் படிவமான டபிள்யூ-8பென்னைக் கொடுத்துவிட்டாயா? கொடுத்தால் அமெரிக்காவில் பார்ப்பவர்களால் வரும் பகுதியில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். கொடுக்காமல் விட்டால் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை போகும். இங்கேயும் ஆடிட்டரிடம் சொல்லி வருஷா வருஷம் கணக்கில் காட்டிவிடு.

ஒன்றைச் சொல்லத் தயங்குகிறேன், ஆனாலும் சொல்லியாக வேண்டும். உன் ஸ்கிரீனில் கிராக் போட்ட சாஃப்ட்வேர் தெரிகிறது. கடை கடையாக அப்படித்தான் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. நானும் அப்படி இருந்தவன்தான், அதற்காக வருத்தப்படுகிறேன். ஆனால் நீ வாத்தியார். அடுத்தவர் உழைப்பைத் திருடி வைத்துக்கொண்டு, என் ஃபைலைத் திருடாதே என்று எந்த வாயால் கேட்பாய்? சந்தா கட்ட முடியாத மாதத்தில் பிரவுசரிலேயே ஓடும் போட்டோபியாவில் பாடம் எடு, இங்க்ஸ்கேப்பில் எடு. பார்ப்பவர்களில் பாதிப் பேர் கையிலும் காசு இல்லை, அவர்களுக்கும் அதுதான் உதவும். ஃபாண்டும் அப்படித்தான். விற்கும் ஃபைலில் யாரோ விலைக்கு விற்கும் ஃபாண்டைச் சேர்த்து அனுப்பாதே. கேட்டமரான், முக்தா மலர், மீரா இனிமை, பாலூ தம்பி எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

ரம்மி ஆப் விளம்பரம் கேட்டு மெயில் வந்ததாகச் சொன்னாய். பெரிய தொகை. வேண்டாம். பணம் வைத்து விளையாடும் ஆப்களுக்கு விளம்பரம் செய்வதே 2025-ல் வந்த மத்தியச் சட்டப்படி குற்றம். சட்டம் வருவதற்கு முன்னாலேயே நம் தெருவில் ஒரு வீடு அந்த ஆட்டத்தில் அழிந்ததை நீ பார்த்திருக்கிறாய்.

பாடம் எடுக்கும் முறையில் சிலது. எட்டு நிமிஷம் தாண்டினால் நடுவில் விளம்பரம் வைக்கலாம் என்பதற்காக மூன்று நிமிஷ விஷயத்தை இழுக்காதே. கவுன்டரில் ஆள் நிற்பது நினைவிருக்கட்டும். முதல் இருபது நொடிக்குள் முடிந்த வேலையைக் காட்டிவிடு. உன் பாடத்தைப் பார்ப்பவர் சிஸ்டம் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்க்கிறார். மெனு எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது. நீ கிளிக் செய்யும் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டு. படம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், குரல் தெளிவாக இருக்க வேண்டும். மெஷின் ஓட்டத் தொடங்குவதற்கு முன் விடியற்காலையில் பேசிப் பதிவு செய்.

எதை எப்போது போடுவது என்பதற்கு உன் கையில் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று இங்கே புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். காலண்டர் பாடம் ஆனியிலேயே தயாராக இருக்கட்டும். ஆவணி முகூர்த்தத்துக்கான பத்திரிகைப் பாடத்தை, கல்யாணம் இல்லாத ஆடியில் உட்கார்ந்து எடு. தைக்கு வேண்டியதை மார்கழியில் எடு. அந்த மாதங்களில் பிரஸ்ஸிலும் பத்திரிகை வேலை குறைவு. முதலாளியிடம் நேராகப் பேசி, அப்போது மட்டும் அரை நாள் கேட்டுப் பார். சம்பளம் குறைந்தால் குறையட்டும். ஆனால் அவருடைய பார்ட்டி ஃபைல் எதையும் கேட்காமல் பாடத்தில் காட்டாதே.

மாதிரிக்கு என்ன செய்வேன் என்று கேட்பாய். என் பழைய ஹார்ட் டிஸ்க்கை உன் அப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவன் புதன்கிழமை மதுரைக்கு வருகிறான். இருபது வருஷத்துப் பத்திரிகை, காலண்டர், நோட்டீஸ் எல்லாம் அதில் இருக்கின்றன. எல்லாமே நான் என் கையால் போட்ட டிசைன்கள். வெளியே காட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை, பெண் பெயர்களையும் போன் நம்பர்களையும் எடுத்துவிடு. பாதிக்கு மேல் பேஜ்மேக்கர் 6.5 ஃபைல்கள். புது இன்டிசைனில் திறக்காது, சி.எஸ்.6 இருக்கிற சிஸ்டம் ஒன்றைத் தேடிப் பிடி. எழுத்தெல்லாம் யுனிகோடுக்கு முந்தியவை, வேறு ஃபாண்டில் போட்டால் கிறுக்கலாகத் தெரியும். அதை மாற்றும் வழியைக் கண்டுபிடித்தால் முதலில் எனக்குச் சொல், அதற்கப்புறம் பாடமாகப் போடு.

அன்புடன்,
பெரியப்பா