தாய்லாந்துப் பயணம்: எந்த கார்டில் பணம் எடுப்பது?

‘மார்க்-அப் கட்டணம் இல்லை’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி கார்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வங்கியின் கட்டணப் பட்டியலில் மூன்றைத் தேடுங்கள்: நாணய மாற்றுக்கான மார்க்-அப், ஒவ்வொரு முறை எடுக்கவும் வங்கி வாங்கும் தொகை, இவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மார்க்-அப் 3.5 சதவீதம் என்றால் வரியோடு 4.13 ஆகிவிடும். கிரெடிட் கார்டு இந்தக் கணக்கிலேயே வேண்டாம். ரொக்கம் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். டாலரில் நிரப்பிய ஃபாரெக்ஸ் கார்டில் பாத் எடுத்தால் மறுபடி மாற்றுக் கட்டணம் விழலாம். பாத்திலேயே நிரப்பித் தருவார்களா என்று கேளுங்கள்.

நல்ல கார்டே கிடைத்தாலும் அங்குள்ள ஏடிஎம் தன் பங்கைத் தனியே பிடிக்கும். பல வங்கிகளில் ஒரு முறைக்கு 220 பாத், சிலவற்றில் அதற்கும் மேல். 2,000 பாத் எடுத்தால் அதுவே 11 சதவீதம். 10,000 எடுத்தால் 2.2. ஆகவே மொத்தமாக எடுங்கள். கையில் அவ்வளவு பணம் ஆபத்தில்லையா என்பீர்கள். ஆபத்துதான். ஆனால் திருட்டு நடக்கலாம், நடக்காமலும் போகலாம். கட்டணம் போவது நிச்சயம். பாதியை அறை லாக்கரில் வையுங்கள். திரை ‘ரூபாயில் கணக்கிடவா?’ என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்; அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்கள் வங்கியுடையதைவிட மோசம். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ‘ஆன்’ செய்யுங்கள். 2020-க்குப் பிறகு புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன.