குழந்தை தானாக உட்கார: வெலிங்டன் குளிருக்கு ஏற்ற குறிப்புகள்

பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதம். கையைத் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் பருவம் அது. உட்காருவதற்கான பயிற்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

• விழித்திருக்கும்போது தினமும் சில நிமிடம் குப்புறப் படுக்க விடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். கழுத்தும் முதுகும் உறுதிப்படும்.

• நீலகிரியின் வெலிங்டனில் தரை சில்லிட்டிருக்கும். கம்பளியை மடித்து விரித்து, மேலே ஜமக்காளம் போடுங்கள். மெத்தென்ற மெத்தையில் குழந்தைக்குப் பிடிமானம் கிடைக்காது.

• ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டால் கை கால் மடங்காது. அளவாகப் போடுங்கள். காலுறை வழுக்கும், வெயில் வந்ததும் கழற்றிவிடுங்கள்.

• முதலில் இரு கையையும் முன்னால் ஊன்றித் தவளை போல உட்காரும். எதிரே ஒரு கிண்ணத்தை வையுங்கள். அதை எடுக்க ஒரு கையைத் தூக்கும்போதுதான் சமநிலை பழகும்.

• மூடிய அறையில் கரி அடுப்பு வேண்டாம். அதிலிருந்து வரும் நச்சு வாயு உயிருக்கே ஆபத்து.

பெரும்பாலான குழந்தைகள் 6 முதல் 8 மாதத்துக்குள் தானாக உட்காரும். குறைமாதக் குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து அல்ல, மருத்துவர் முன்பு குறித்த பிரசவத் தேதியிலிருந்து கணக்கிடுங்கள். 9 மாதத் தடுப்பூசிக்குப் போகும்போதும் உட்காரவில்லை என்றால், தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.