கூலி என்னும் சொல்

அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்குவதற்கு முன், தஞ்சை நாட்டில் தை மாதம் பிறந்துவிட்டால் களத்துமேடுகள் இரவும் பகலும் ஓய்வறியா. விடியுமுன் வயலில் இறங்கிய ஆடவரும் பெண்டிரும் கதிரறுத்துக் கட்டுக் கட்டித் தலைச்சுமையாய்க் களத்திற் சேர்ப்பர். அடித்துத் தூற்றிய நெல் பொன்மலைபோற் குவியும். அதன்பின் மரக்காலை எடுத்து அளப்பர். உழைத்தவருக்கு அவ்விடத்திலேயே அளந்து தரப்பட்ட நெல்லே கூலி. நடவுக்கூலி, அறுப்புக்கூலி, ஏற்றுக்கூலி, தச்சுக்கூலி என்று தொழில்தோறும் அச்சொல் ஒட்டி வழங்கியது. பயணத்திற்குக் கொடுப்பதும் வண்டிக்கூலி ஆயிற்று.

இது மிகப் பழைய சொல். திருக்குறளில் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், 619-ஆம் குறளில், இது வந்துள்ளது. ஊழ் துணை செய்யாவிடினும், உடல் வருந்திய அளவிற்குப் பயன் கிடைத்தே தீரும் என்பது அக்குறளின் கருத்து. அப்பயனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் கூலி. இழிவின் நிழல்கூட அவ்விடத்தில் இல்லை.

தமிழ் அகராதிகளும் இவ்வாறே கூறுகின்றன. ஜெர்மானியப் பாதிரியாராகிய பெப்ரீசியஸ் தொகுத்த அகராதி 1779-இல் வெளிவந்தது. காவிரி கடலொடு கலக்கும் கரையிலுள்ள தரங்கம்பாடியில், 1897-இல், அதனைத் திருத்தி அச்சிட்டனர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டது. இவற்றில் கூலி என்பது வேலைக்குரிய ஊதியமே. அதனைப் பெறும் மனிதனைக் குறிக்க வேண்டுமாயின், ஆள் என்றோ காரன் என்றோ மற்றொரு சொல்லைச் சேர்த்தாக வேண்டும். கூலியாள் வேறு, கூலி வேறு. உழைப்பவனையும் அவனுக்குச் சேரவேண்டியதையும் தமிழ் ஒன்றாக்கியதில்லை.

ஆங்கில அகராதிகளைப் புரட்டினால் நிலைமை தலைகீழாக இருக்கிறது. அங்கே கூலி என்பவன் ஒரு மனிதன். சுமை தூக்குபவன், தாழ்ந்த பணி செய்பவன். ஊதியம் என்னும் பொருளே அங்கு இல்லை.

இம்மாற்றம் நேர்ந்தது எங்ஙனம்? பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் நாகப்பட்டினத்தில் குடியேறினர். பின்னர் 1620-இல் டேனிஷ்காரர் தரங்கம்பாடிக்கு வந்தனர்; 1658-இல் ஒல்லாந்தர் நாகையைக் கைப்பற்றினர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் கேட்ட சொல் கூலி. கேட்ட பொருளின் பெயரையே கேட்டவருக்கும் அயலார் சூட்டிவிட்டனர் என்று கருதுவோர் உண்டு. இக்கொள்கைப்படி, மரக்கலத்தில் ஏறிய சொல்லிலிருந்து ஆள் உதிர்ந்துவிட்டது.

வேறொரு கொள்கையும் உண்டு. குஜராத் நாட்டில் வாழும் கோலி என்னும் குடியினரின் பெயரே இவ்வாறு திரிந்தது என்பர் வேறு சிலர். 1855-இல் நீதித்துறை, வருவாய்த்துறைச் சொற்களுக்கு அகராதி கண்ட வில்சன் தமிழ்ச் சொல்லையே மூலமாகக் கொண்டார். 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் என்னும் புகழ்பெற்ற அகராதியோ கோலி என்பதற்கே முதலிடம் தந்து, தமிழ்ச் சொல்லையும் உடன் குறிப்பிட்டது. அவ்வகராதியைத் தொகுத்தவர் இருவர். ஒருவர் ஹென்றி யூல்; மற்றொருவர் ஆர்தர் பர்னல். பர்னல் தஞ்சையில் நீதிபதியாய் விளங்கியவர். அரண்மனையிலுள்ள வடமொழிச் சுவடிகளுக்கு விரிவான பட்டியல் வகுத்தவர். நூல் முற்றுப்பெறுமுன் 1882-இல் மறைந்தார். நெற்களஞ்சியத்தின் நடுவில் வாழ்ந்த அவர் செவியில் இச்சொல் நாள்தோறும் விழுந்திருக்கும். இருந்தும் அவர் பெயர் தாங்கிய நூலிலேயே தமிழுக்கு இரண்டாமிடம் கிடைத்தது வியப்பே. பிறப்பு எதுவாயினும், அயல்மொழிகளில் இச்சொல் நிலைபெறத் தமிழும் துணைசெய்தது என்று கொள்வதே பொருத்தம்.

ஹாப்சன்-ஜாப்சன் மற்றொன்றையும் மறைக்காமற் சொல்லிற்று. இந்தியாவினின்றும் சீனத்தினின்றும் மொரீசியசு முதலிய தீவுகளின் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்படுவோர்க்கு இப்பெயர் வழங்குகிறது என்றும், அவர்தம் நிலை சிற்சில இடங்களில் அடிமைத்தனத்தை நெருங்கிவிட்டது என்றும் அது எழுதியது. சொல்லின் பொருளைத் தேடப்போன அகராதி, மனிதரின் துயரைக் கண்டது எனலாம். சீனர் இதே ஒலியை இரண்டு எழுத்துகளால் எழுதினர். அவற்றிற்குக் கசப்பு, வலிமை என்று பொருள்.

1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் நேட்டாலை அடைந்தது. அதிற் சென்றோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் கட்டுண்டவர். முதலாண்டில் திங்களுக்குப் பத்துச் சில்லிங்கே ஊதியம். நாகைத் துறையிலிருந்தும் எண்ணற்ற தமிழர் பினாங்கிற்குக் கப்பலேறி மலேயாத் தோட்டங்களிற் பரவினர். கூலியைத் தேடிச் சென்ற அவர்களுக்குக் கூலி என்பதே பெயராயிற்று. 1880-இல் ஒல்லாந்தர் சுமத்திராவுக்கென இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே இச்சொல் ஏறியது. தென்னாப்பிரிக்காவிலோ வணிகர், ஆசிரியர் என்னும் வேறுபாடின்றி இந்தியர் அனைவரும் கூலிகள் எனப்பட்டனர். 1893-இல் அங்குச் சென்ற காந்தியடிகளும் கூலி பாரிஸ்டர் என்றே அழைக்கப்பட்டார். ஒருநாளும் மூட்டை தூக்கிப் பிழைத்தறியாதவர் அவர். சொல் அப்போது தொழிலை விட்டு, இனத்தை இகழும் வசையாகியிருந்தது. இக்கால ஆங்கில அகராதிகள் இதனை இழிசொல் எனக் குறிப்பெழுதியே அச்சிடுகின்றன.

கடல் கடவாது காவிரிக் கரையிலேயே தங்கியோர் நிலை மட்டும் மேலானதாயிருந்ததா? இல்லை. பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையிற் கட்டுண்டு கிடந்தனர். ஆயினும் அவர்கள் வாயில் அச்சொல்லின் பொருள் மாறவில்லை; அளந்து தரவேண்டிய நெல்லையே அது குறித்தது. கூலியை உயர்த்துக என்னும் குரல் வயல்தோறும் எழுந்தது. 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் பின்னும் பூசல் ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று, கூலிப் போராட்டம் முற்றிய கீழ்வெண்மணியில், ஒரு குடிசையில் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீக்கிரையாயினர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களிற் பெரும்பாலோர். அதனையடுத்து அரசு கணபதியா பிள்ளை தலைமையில் ஆணையம் அமைத்தது. 1969-இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் கூலி என்று சொல்வது மனிதனை அன்று, அவனுக்கு அளக்கவேண்டியதை.