ஆயாவின் மண் அடுப்பும் எட்டாம் வகுப்பு வெப்பப் பாடமும்

மாமல்லபுரத்தை அடுத்த கடலோரக் கிராமத்தில் இருக்கிறது எங்கள் பள்ளி. சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் தன் வெப்ப ஏற்புத்திறன் நடத்திக்கொண்டிருந்தேன். அதிகம் பேசாத மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“டீச்சர், கேஸ் அடுப்ப நிறுத்தினா சீக்கிரம் ஆறிடுது. எங்க ஆயாவோட மண் அடுப்பு மட்டும் ஏன் விடியற வரைக்கும் வெதுவெதுன்னு இருக்கு?”

“மண் வெப்பத்தைச் சேமித்து வைக்கிறது” என்றேன்.

உடனே இன்னொரு குரல்: “மண்ணவிடத் தண்ணிதான் அதிகமா சேமிக்கும்னு இப்பதானே போர்டுல எழுதினீங்க?”

மணி அடித்தது. “நாளை பார்ப்போம்” என்று வெளியே வந்தேன்.

செயல்பாடு

மறுநாள் ஒரே அளவுள்ள இரண்டு பாத்திரங்களில் அரைக் கிலோ உலர்ந்த மணலும் அரைக் கிலோ நீரும் எடுத்து வெயிலில் வைத்தோம். மணலை அவ்வப்போது கிளறிவிட்டோம். ஒரு மணி நேரத்தில் மணல் நீரைவிட அதிகம் சூடானது. நிழலுக்கு மாற்றியதும் மணலே விரைவாக ஆறியது. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். மணல், செங்கல், கருங்கல்லுக்கு ஏறத்தாழ 800 ஜூல் போதும். மாணவர் கேட்டது சரிதான்.

கணக்கு

அப்படியென்றால் அடுப்புக்கு ஏன் மண்ணும் செங்கல்லும்? நிறை, தன் வெப்ப ஏற்புத்திறன், வெப்பநிலை உயர்வு மூன்றையும் பெருக்கச் சொன்னேன். 20 கிலோ செங்கல் 200 டிகிரி உயர்ந்தால் 32 லட்சம் ஜூல். அதே இடத்தை அடைக்கும் 11 லிட்டர் நீர் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு உயர்ந்தாலும் ஏறத்தாழ அதே 32 லட்சம்தான். அதற்கு மேல் நீர் கொதித்து ஆவியாகிவிடும். செங்கல் இன்னும் சூடேறும். கேஸ் அடுப்பிலோ சில கிலோ உலோகம் மட்டுமே.

ரஷ்யா, பின்லாந்து நாடுகளின் பழைய வீடுகளில் இதே கணக்குதான். டன் கணக்கில் செங்கல் அடுக்கி, புகை வளைந்து வளைந்து செல்லும் வழிகளோடு அடுப்பு கட்டுவார்கள். ஓரிரு மணி நேரம் விறகு எரித்தால் இரவு முழுவதும் வீடு கதகதப்பாக இருக்கும்.

என் விடையில் இருந்த குறை

இரண்டு நாள் கழித்து அந்த மாணவி மீண்டும் வந்தாள். ஆயா இரவில் தணலைச் சாம்பலால் மூடி வைப்பாராம். ஒருநாள் ஆயாவே தணலை அள்ளி நீரூற்றி அணைத்தபோது, படுக்கும் நேரத்தில் அடுப்பு சூடாக இருந்தது, விடியலில் ஆறிவிட்டது. ஆக, விடியும்வரை காத்தது மண் மட்டுமல்ல, சாம்பலுக்கடியில் மெல்ல எரிந்த தணலும்தான். வகுப்பிலேயே என் விடையைத் திருத்தினேன்.

நம் வீட்டுக்கு

பிறகு நான் கேட்டேன்: “கோடையில், இரவு பத்து மணிக்கு வெளியே காற்று வருகிறது, வீட்டுக்குள் ஏன் புழுங்குகிறது?” பத்து சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் கூரை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 கிலோ. பகல் வெயிலைச் சேமித்து இரவில் நம்மீது விடுகிறது. குளிர்நாட்டில் உதவும் அதே பண்பு இங்கே உறக்கத்தைக் கெடுக்கிறது. கூரையில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும் என்பதை மாணவர்களே சொன்னார்கள்.

இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் வரையறைக்கு முன் வீட்டு அடுப்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தணலைக் கிளறும் வேலையைப் பெரியவர்களே செய்யட்டும். குழந்தைகள் எட்ட நின்று பார்த்துக் குறித்து வந்தால் போதும்.