கலங்கிய நீர் தெளிவது எப்படி?

கடந்த மாரியில் வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் கிணற்று நீர் தேநீர் நிறத்தில் இருந்தது. வாளியில் அள்ளி வைத்து இரண்டு நாள் சென்றும் தெளியவில்லை. மூத்தம்மா சீனக்காரத் துண்டொன்றை எடுத்து நீருக்குள் நாலைந்து சுற்றுச் சுற்றினார். அஸருக்கு வைத்த நீர் மஃரிபுக்குத் தெளிந்திருந்தது.

"பளிங்கு மாதிரித் தெளிஞ்சிட்டு. இனிக் குடிச்சாத்தான் என்ன மகள்?" என்று கேட்டார்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டு நாளில் படியாத சேறு சில மணித்தியாலத்தில் படிந்தது எப்படி? தெளிந்த நீரெல்லாம் சுத்தமான நீரா? முதற் கேள்விக்கு எங்கள் இரசாயனவியல் பாடத்தில் விடை தேடினேன்.

களிமண் ஏன் மிதக்கின்றது?

களிமண் துணிக்கைகள் 2 மைக்ரோமீற்றரிலும் சிறியவை. தனித்தனியே அவை மிக மெதுவாகவே கீழிறங்கும். ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதானால் விரைவில் படிந்துவிடும். அவற்றை ஒட்டவிடாமல் தடுப்பது மின்னேற்றம். களிமண்ணின் கட்டமைப்பில் சிலிக்கன் இருக்க வேண்டிய சில இடங்களில் அலுமினியம் இருப்பதுண்டு. சிலிக்கனின் ஏற்றம் +4, அலுமினியத்தின் ஏற்றம் +3. இந்தக் குறைவினால் துணிக்கைக்கு மறையேற்றம் கிடைக்கின்றது. எல்லாத் துணிக்கைகளும் மறையேற்றம் உடையவை என்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன.

அயன்கள் கூடும் இடம்

நீரில் கரைந்துள்ள சோடியம், கல்சியம் போன்ற நேர் அயன்களை இந்த மறையேற்ற மேற்பரப்பு கவர்கின்றது. மேற்பரப்பின் ஏற்றமும் அதைச் சூழ்ந்த அயன்களும் சேர்ந்தது மின் இரட்டைப் படை எனப்படும். 1853 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ், அயன்கள் மேற்பரப்பை ஒட்டி ஒரே வரிசையாக நிற்பதாகக் கருதினார். வெப்ப அசைவினால் அயன்கள் ஓரிடத்தில் நில்லாமல் முகில் போலப் பரந்திருக்கும் என்று 1910 இல் கூயும் 1913 இல் சப்மனும் காட்டினர். 1924 இல் ஸ்டேர்ன் இரண்டையும் இணைத்தார். வாவிக்கரையில் மீன் தோணி வந்ததும் கூடும் சனத்தை நினைத்துப் பாருங்கள். தோணியை ஒட்டி நெருக்கம், விலக விலக ஐதான கூட்டம். அயன்களும் அப்படியே.

உப்புக் குறைந்த நீரில் இந்த அயன் முகிலின் தடிப்பு ஏறத்தாழ 10 நனோமீற்றர். அதனால் துணிக்கைகள் நெருங்க முடியாது. கடல்நீரில் அயன்கள் ஏராளம். அங்கே முகில் 0.4 நனோமீற்றர் அளவுக்குச் சுருங்கிவிடும். அப்போது துணிக்கைகள் மிக அருகில் வர, வந்தர்வாலிசுக் கவர்ச்சி விசை அவற்றை ஒட்டவைக்கும்.

வாவியில் நடப்பது

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவிக்கு மாரியில் ஆறுகள் கலங்கல் நீரைக் கொண்டு வருகின்றன. பாலமீன்மடு முகத்துவாரத்தாலும் கல்லாற்றுப் பக்கத்தாலும் கடல்நீர் நுழைகின்றது. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில் சேறு திரண்டு படிகின்றது. வாவியின் ஆழம் குறைய இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் செய்து பார்த்தேன்

மழைநீரில் வயற்களியைக் கரைத்து மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றினேன். முதலாவதில் ஒன்றும் இடவில்லை. இரண்டாவதில் ஒரு தேக்கரண்டி உப்பும், மூன்றாவதில் ஒரு சிட்டிகை சீனக்காரத் தூளும் இட்டுக் கலக்கினேன். மறுநாட் காலையில் முதலாவது அப்படியே கலங்கலாக இருந்தது. மற்ற இரண்டிலும் சேறு அடியில் கிடந்தது.

அவ்வளவு உப்புச் செய்த வேலையை ஒரு சிட்டிகை சீனக்காரம் செய்தது எப்படி? சோடியம் அயனின் ஏற்றம் +1. சீனக்காரத்திலுள்ள அலுமினியத்தின் ஏற்றம் +3. ஏற்றம் கூடக்கூட, தேவையான அளவு மிக விரைவாகக் குறையும் என்பதே ஷுல்ஸ்–ஹார்டி விதி. அதோடு அலுமினியம் நீரில் பஞ்சு போன்ற ஐதரொட்சைட்டு வீழ்படிவாகி, சேற்றையும் வாரிக்கொண்டு இறங்கும். நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் அலுமினியச் சேர்வைகள் இடுவதும் இதற்காகத்தான்.

மூத்தம்மாவுக்குச் சொன்ன பதில்

சீனக்காரம் சேற்றை இறக்கும். கிருமிகளிற் சில சேற்றோடு சேர்ந்து இறங்கும், எல்லாம் இறங்கா. வெள்ளத்தோடு மலசலகூடக் குழி நீரும் கிணற்றில் கலந்திருக்கலாம். ஒரு வயிற்றோட்டத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே போதும். அதனால்தான் சுத்திகரிப்பு நிலையங்களில் சேறு படிந்த பிறகு நீரை வடிகட்டிக் குளோரினும் இடுகின்றார்கள். வீட்டில் நாம் செய்ய வேண்டியது, தெளிந்த நீரை இறுத்தெடுத்து நன்றாகக் கொதிக்க வைப்பது.

இதைச் சொன்னபோது மூத்தம்மா கொஞ்ச நேரம் வாளியைப் பார்த்தார். பிறகு, "அப்ப கேத்தில அடுப்புல வை" என்றார்.

இந்த மாரியிலும் வெள்ளம் வரலாம். அப்போது உங்கள் வீட்டு வாளியிலும் நீர் தெளியும். தெளிந்ததைக் கண்டு நின்றுவிடாமல், கொதிக்க வைத்து ஆறிய பிறகே தம்பி தங்கைகளுக்குக் கொடுங்கள்.